பல் சேராத மகனுக்கு

சச்சிதானந்தம்,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வடக்கே நீ இருக்கிற ஊருக்கு வந்து உன்னிடம் கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. போன வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோட்டில், முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு உதட்டை இரு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, “சத்தியம், சத்தியம்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம். அதில் மூக்கு தெரிந்தால் வாய் தெரியாது. அதனால்தான் கடைக்குப் போனேன். கடையில் ஆள் இல்லை என்று நினைத்தேன். திரும்பினால் வாசல் நிறைய ஆள். பால்காரர்கள், வண்டிக்காரர்கள், வெற்றிலைக் கடைக்காரன், எல்லோரும். “என்னண்ணே, எத்தனை பல்லு? ஆறு பல்லா, எட்டும் முளைச்சுக் கடை சேந்துருச்சா?” என்றான் ஒருத்தன். “கடை சேந்து தேஞ்சும் போச்சுடா. இது ஏருக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது, வந்த விலைக்குத் தள்ளிவிடு” என்றான் இன்னொருத்தன். நாள் முழுக்க மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்கிற தரகன் தன் வாயைத் தானே பிளந்துகொண்டு நின்றால் வேறு என்ன கேட்பார்கள்? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விரலை எடுக்காமல் சிரித்ததில் எச்சில் சட்டையெல்லாம் வழிந்தது. ஊரைக் கேலி செய்து பிழைத்தவனை ஊர் ஒரு நாள் சேர்த்து வைத்து வாங்கிக்கொண்டது. போகட்டும்.

கண்ணாடிக்கு முன்னால் நின்றதற்குக் காரணம் உன் கடிதம். மணலில் விரலால் எழுதிப் பழகியதோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன், உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்திவிட்டேன். அவள் “மிச்சத்தையும் படிங்க, நான் ஒண்ணும் அழமாட்டேன்” என்றாள். படித்தேன். அழுதாள்.

கோர்ட்டில் மொழிபெயர்க்கும் வேலை உனக்குக் கிடைத்தபோது இந்த ரோடு முழுக்க நான் வெற்றிலை பாக்கு கொடுத்தேன். துரை பேசுவதைத் தமிழில் சொல்வான், தமிழாள் பேசுவதைத் துரைக்குச் சொல்வான், நடுவில் நிற்கிறவன் என் மகன் என்று மாடுகளிடம்கூடச் சொன்னேன். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியவாக்கு சொல்லிக் கொடுப்பதும் நீதான் என்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். தோட்டத்திலிருந்து தலையில் கட்டோடு வந்த அந்தப் பெண், கங்காணி அடித்ததைச் சொல்ல வந்தவள், கோர்ட்டையே அன்றைக்குத்தான் பார்க்கிறாள். உன் வாயில் “சத்தியமாகச் சொல்கிறேன்” என்பது எப்படி வருமோ அப்படி வந்தது. கோர்ட்டு வழக்கமே அதுதான் என்று நினைத்துக்கொண்டு அவளும் கையைக் கட்டி, “தத்தியமா தொல்றேன்” என்றாள். கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. தன் அடியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவள் முந்தானையால் கட்டை மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நீ எழுதியிருந்த வரி இது: “என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பழக்கம் அப்பா. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.”

வழக்கு முடிந்ததும் துரை உன்னைக் கூப்பிட்டு இதை விசாரித்ததையும், இப்படியே இருந்தால் உன்னைக் கூண்டுப் பக்கமே விடாமல் தாள் நகல் எடுக்கிற மேசைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். கடைசியில், மாசி பிறந்ததும் அங்கே பல் கட்டுகிற சீனனிடம் போய் மேல்வரிசை முன்பற்களைப் பிடுங்கிவிட்டு, நேராகத் தங்கப்பல் தகடு வைத்துக்கொள்ளப் போவதாக ஒரு வரி. உத்தரவு கேட்கவில்லை. தகவல் சொல்லியிருக்கிறாய். வளர்ந்த பிள்ளை அப்படித்தான் எழுத வேண்டும். ஆனாலும் நல்ல பல், ஆட்டமில்லாத பல், சொத்தை விழாத பல். கப்பலில் தபால் வந்து சேர்வதற்குள் மாசி பிறந்தாலும் பிறந்துவிடும். அதனால் ஒன்று சொல்கிறேன். வாயில் பல் இருந்தால் இந்தக் கடிதத்தைப் படி. இல்லாவிட்டாலும் படி. இப்போதைக்கு எனக்கு எழுதுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய வழியில்லை.

நீ பிறந்தது ரேவதி நட்சத்திரம். ‘ச’வில் பெயர் வைக்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னார். சும்மா ஒரு ‘ச’ வைத்தால் போதாதா? சாமி, சுப்பன் என்று வைத்திருக்கலாம். நான்தான் பெரிய பெயராக இருக்கட்டும் என்று சச்சிதானந்தம் என்று வைத்தேன். ஒன்றுக்கு இரண்டு ‘ச’. பிறகு உனக்குக் கட்டைவிரல் சூப்புகிற பழக்கம் வந்தது. வேப்பிலையை அரைத்து விரலில் பூசினாள் உன் அம்மா. முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் சூப்பினாய். கொஞ்ச நாளில் வேப்பிலை பூசாவிட்டால் நீட்டிக் காட்ட ஆரம்பித்தாய். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்தபோது, மேல்வரிசை முன்னால் ஏறிக்கொண்டு, வாசலில் வெயிலுக்கு இறக்கிய சாய்ப்பு மாதிரி நின்றது. உன் பெயரை யாராவது கேட்டால் “தத்திதானந்தம்” என்பாய். பிள்ளைகள் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் தத்தி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன் நீ ஒருவன்தான் என்றாகிவிட்டது.

எல்லோரும் நாக்கைத்தான் குற்றம் சொன்னார்கள். பேச்சு என்றால் நாக்குதானே. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினோம். தேனில் தங்கத்தை உரைத்துத் தடவினோம். நாக்குக்கு அடியில் நரம்பு கட்டியிருக்கிறது, அதை அறுத்துவிட்டால் சரியாகும் என்று ஒரு வைத்தியன் சொன்னான். நல்லவேளை, நீ அவன் விரலைக் கடித்துவிட்டாய். அன்றைக்கும் முன்பல்லால் கடிக்க முடியாமல் கடைவாயில்தான் பிடித்துக் கடித்தாய். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோயிலுக்கு வெள்ளியில் நாக்கு செய்து உண்டியலில் போட்டோம். கண் வலித்தால் வெள்ளிக் கண், கால் வலித்தால் வெள்ளிக் கால் போடுவதில்லையா, அந்த மாதிரி. அம்மன் என்ன செய்வாள்? நாக்கு கொடுத்தோம், நாக்கைத்தான் பார்த்திருப்பாள். அதில் ஒரு குறையும் இல்லை என்று விட்டிருப்பாள். பல்லுக்கு யாரும் நேர்ந்துகொள்ளவில்லை.

அப்புறம் வாய்ப்பூட்டு. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியாது, நீ அப்போது சின்னப் பையன். தீமிதித் திருவிழா வரைக்கும் வெள்ளித் தகடு ஒன்றை வாய்மேல் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பதாக நான் நேர்ந்துகொண்டேன். சாப்பிட மட்டும் கழற்றலாம். பேசக் கூடாது. ரோடே கொண்டாடியது. தரகு வேலைக்கு அதனால் ஒரு கஷ்டமும் வரவில்லை. எங்கள் வேலையே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுதான். ஒரு விரல் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வாய் பேசாத தரகனை ஆட்கள் அதிகமாகவே நம்பினார்கள். ஆனால் வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. நீ பேச ஆரம்பித்தாய். நான் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருப்பேன். நீ எதிரே உட்கார்ந்து பேசுவாய். எருமை சகதியில் புரண்டது, புதிதாக வந்த டிராம் கம்பியில் நீலமாய்ப் பொறி பறந்தது, பக்கத்துத் தெருச் சீனக் கிழவன் பன்றிக்குப் பாட்டுப் பாடினான், இப்படி ஓயாமல். ‘ச’ எல்லாம் ‘த’வாகத்தான் வந்தது. அதைப் பற்றி உனக்கு ஒரு கவலையும் இல்லை. உனக்குள் இவ்வளவு பேச்சு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

நேர்த்திக்கடன் முடிந்து பூட்டை அவிழ்த்த அன்று, எல்லோருக்கும் முன்னால், அவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தது ஒரே நேரத்தில் வந்தது. “தத்திதானந்தம், இனிமே என் தொல்லை தொடங்கிடுச்சுடா!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாள் நான் கயிறு திரிக்க உட்கார்ந்தேன். நீ வந்து உட்கார்ந்தாய். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாய். ஒன்றும் பேசவில்லை. பூட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அப்படி ஒரு சடங்கு கிடையாது.

காரணம் பல்தான் என்று கண்டுபிடித்தது உன் அம்மா. பூக் கட்டி முடித்துவிட்டு, “நூலைக் கடிச்சு அறுடா” என்று உன் வாயருகே நீட்டினாள். நீ முன்பல்லால் கடித்தாய். நூல் அறுபடவில்லை. மறுபடி கடித்தாய். உன் பல் மூடியிருக்கும்போதே அவள் நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள். தங்கு தடையில்லாமல் போய் வந்தது. “ஏங்க, இங்க வாங்க. இவனுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே இல்லை. நாக்கு பாவம், கதவில்லாத வீட்டுல நிக்குது. எட்டிப் பாக்காம என்ன செய்யும்?” என்றாள். நான் உன் வாயைப் பார்த்தேன். கப்பலில் வந்திறங்குகிற எருது ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து பார்க்கிறவன், என் பிள்ளையின் வாயை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. முளைத்த பல்லை யார் தள்ளி வைக்க முடியும்?

நீ உன் வழியை நீயே பார்த்துக்கொண்டாய். ‘ச’ இல்லாத தமிழை நீ ஒன்று செய்துகொண்டதை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. சோறு கேட்க மாட்டாய், “அன்னம் போடும்மா” என்பாய். சூரியன் உன் வாயில் கதிரவன். சந்தைக்கு அங்காடி, சண்டைக்குப் போர். கடைக்குப் போய் “அரைப் பலம் இனிப்புத் தூள்” என்று சர்க்கரை கேட்டபோது கடைக்காரர், “உங்க பிள்ளை புலவராட்டம் பேசுதே, யார்கிட்ட படிக்குது?” என்று என்னிடம் கேட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அது புலமை இல்லை, தப்பி ஓடுகிற வழி என்று உன் அம்மாதான் ராத்திரி சோறு போடும்போது சொன்னாள். ஆனால் பார், ஒரு வார்த்தைக்கு இன்னொரு வார்த்தையைத் தேடித் தேடி ஓடியவனுக்குத்தான் ஒரு பாஷைக்கு இன்னொரு பாஷையைத் தேடுகிற வேலை கிடைத்தது. துரை உன்னை எடுத்தது உன் பல்லைப் பார்த்து இல்லை. உனக்கு வார்த்தை முட்டுவதில்லை என்பதைப் பார்த்து. இந்தச் சத்தியவாக்கு ஒன்றில்தான் மாற்று வார்த்தை போட விடமாட்டார்கள். நீ ஓட முடியாத சந்து அது ஒன்றுதான், அங்கே போய் மாட்டிக்கொண்டாய்.

நீ வேலைக்குப் போகும் முன்பே, என்னோடு தரகுக்கு வா என்று நான் கூப்பிட்டேன். துண்டுக்கு அடியில் விரல் பேசும், ‘ச’வும் வேண்டாம் ‘ஞ’வும் வேண்டாம் என்றேன். நீ, “எனக்குப் பேசணும் அப்பா” என்றாய். என் வாயில் ஒரு கேலி இருந்தது. அதை அன்றைக்கு நான் வெளியே எடுக்கவில்லை என்பதை நீ என் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உன் கடிதம் வந்த பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் விசாரிக்கத் தொடங்கினேன். வாய்களைப் பார்த்தேன். இந்த ரோட்டில் நேரான பல் யாருக்கு இருக்கிறது? வண்டிப்பேட்டைக் கோவிந்தனுக்குப் பல் மேலே ஒன்று ஏறி நிற்கிறது, அவன் திட்டுகிற திட்டில் ஒரு எழுத்து பிசகாது. பால்காரி ஒருத்திக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும், அவளும் கணீரென்று பேசுகிறாள். அப்புறம் புரிந்தது. கோணலாக இருப்பது வேறு, சேராமல் இருப்பது வேறு. கோணல் கதவும் சாத்தினால் சாத்திக்கொள்ளும். முடிவெட்டும் கடையில் அதைத்தான் பார்த்தேன். ‘ம’ சொன்னால் உதடு போதும். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது, அதனால்தான் அது ‘ம்மா’வோடு நிறுத்திக்கொண்டது, புத்திசாலி. ‘க’ தொண்டையோடு முடிகிறது. ‘த’வுக்கு நாக்கு போய்ப் பல்லைத் தட்டுகிறது. இந்த ‘ச’ மட்டும் பல் இரண்டையும் கிட்டத்தில் கொண்டுவந்து, நாக்கை உள்ளே உட்காரவைத்து, சாத்திய கதவின் இடுக்கில் வருகிற காற்று மாதிரி வருகிறது. உனக்குக் கதவு சாத்துவதில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடித்து எனக்கு என்ன லாபம்? நோய் தெரிந்துவிட்டால் மருந்து தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு நோய்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் தம்பையாவிடம் கேட்டேன். அவர் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவர். “வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குப் பல்லில கம்பி கட்டி மெல்ல மெல்ல இழுக்கினமாம். அது சின்னனிலயே செய்ய வேணும். உங்கட பொடியனுக்கு இனி எலும்பு இறுகியிருக்கும், கஷ்டம்தான்” என்றார். மெல்லக் கேட்டேன், நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது இந்த ஊரில் அப்படி யாராவது கட்டினார்களா என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லை, இல்லை. அப்ப இங்க ஆரும் கட்டியிருக்க மாட்டினம்” என்றார். எனக்காகச் சொன்னாரோ, உண்மையோ, தெரியாது. நல்ல மனிதர்.

பிறகு தங்கப்பல் வைத்தவர் யாரையாவது பார்க்க வேண்டும் என்று மார்க்கெட் ஸ்திரீட்டில் சுருட்டுக்கடை வைத்திருக்கும் ராவுத்தரிடம் போனேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், மேல்வரிசை முன்னால் முழுக்கத் தகடுதான். சிரித்தால் கடைக்கு விளக்கு வேண்டாம். “ராவுத்தரே, ‘சத்தியமாச் சொல்றேன்’னு ஒரு தடவை சொல்லுங்க” என்றேன்.

“எதுக்கு? நான் யாருக்கு என்ன பொய் சொன்னேன்?”

“சும்மா சொல்லுங்களேன். எம் பையனுக்கு வேணும்.”

அவர் சொன்னார். ‘ச’ வந்தது. ஆனால் கூடவே ஒரு விசில் வந்தது. சொல்லி முடித்ததும் தகடு இறங்கிக் கீழ்ப்பல்லில் ‘டக்’ என்று தட்டியது. அவர் நாக்கால் அதைத் தூக்கி மேலே ஏற்றிக்கொண்டார், கண்ணாடியை மூக்கில் ஏற்றுவது போல. “வச்ச புதுசுல பேசவே வராது அண்ணே. பழகணும். இப்ப நல்லாத்தான் பேசுறேன். ஆனா ஒண்ணு, யாரும் நான் பேசுறதக் கேக்குறதில்லை. பல்லத்தான் பாக்குறாங்க” என்றார். சாப்பிடும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். இதை உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: “துரைக்கு முன்னாடி அது கழண்டு விழுந்தா?” நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. நீ கேட்டே ஆக வேண்டும். “சத்தியத்துக்கு எதுக்குங்க வாய்? சாட்சி வர்றவங்க ஒரு கட்டிச் சூடத்தக் கொளுத்திக் கையால அடிச்சு அணைச்சா முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஒருத்தன் பொய் சொல்லுவானா? நம்ம பையன் துரைகிட்ட சொல்லிப் பாக்கட்டும்” என்றாள். துரையின் மேசையில் காகிதக் கட்டு இருக்கும், தீப்பிடித்தால் எல்லா வழக்கும் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றேன். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது அவள் சொன்னதில் பாதி நியாயமாகப் பட்டது. அந்த ஒரு வரியை வேறு ஒருவர் சொல்லிக் கொடுக்கலாம் இல்லையா? வாசலில் பெயர் கூப்பிடுகிற சேவகனோ, இன்னொரு கிளார்க்கோ. மற்றதை நீ சொல். இதை நீ கேட்டிருப்பாய். கேட்டு இல்லையென்று சொல்லியிருப்பார்கள். அல்லது கேட்கவே வெட்கப்பட்டிருப்பாய். எனக்குத் தெரியாது. இவ்வளவு தூரத்திலிருந்து நான் சொல்கிற புத்தியெல்லாம் நீ ஏற்கனவே யோசித்துக் கழித்ததாகத்தான் இருக்கும். அப்பன் என்றால் அப்படித்தான், பிள்ளை கடந்துபோன மைல்கல்லில் நின்றுகொண்டு வழி சொல்வான்.

பிடுங்காதே என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அந்தப் பெண் கட்டை மறைத்துக்கொண்டது கண்ணுக்குள் நிற்கிறது. பிடுங்கிக்கொள் என்று எழுதலாமா என்றால், முளைக்கும்போது அந்தப் பல் ஒவ்வொன்றையும் நாக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டே எங்களிடம் காட்டிய உன் முகம் வருகிறது. அதனால் இப்படி எழுதுகிறேன். நான் வருகிற வரைக்கும் பொறு. அடுத்த கப்பலுக்கு இடம் சொல்லியிருக்கிறேன். வந்து என்ன செய்வாய் என்று கேட்காதே. பிடுங்கப் போனால் பக்கத்தில் நிற்பேன். வேண்டாமென்று திரும்பினால் கூடத் திரும்பி வருவேன். துரை நகல் மேசைக்கு அனுப்பினால் அந்த மேசையைப் பார்த்துவிட்டு வருவேன். கேலி செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. முயற்சி செய்கிறேன்.

வருவதற்கு முன் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இன்று காலை ரோச்சோர் பக்கம் பல் கட்டுகிற சீனனிடம் போனேன். பல்லைப் பிடுங்காமலே, மேலே தகடு மாதிரி எதையாவது வைத்து அந்த இடைவெளியை அடைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கடை வாசலில் பெரிய வாய் ஒன்று வரைந்து வைத்திருக்கிறான். உள்ளே கண்ணாடிச் சாடி நிறையப் பல். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் சந்தை மலாயில் பேசினோம். மாடு வாங்க, விற்க என் மலாய் போதும். மகன், பல், கோர்ட்டு, சத்தியம் இதற்கெல்லாம் போதவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், “மனா?” என்றான். எது என்று அர்த்தம். உன் பல் எந்த இடத்தில் ஏறி நிற்கிறது என்று காட்டுவதற்காக நான் வாயை நன்றாகத் திறந்து, என் மேல்வரிசை முன்பல்லில் விரலை வைத்தேன். “போலே” என்றான். முடியும் என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் கையில் குறடு இருந்தது. அளவெடுக்க என்று நினைத்தேன்.

நல்ல கைக்காரன். வலி அவ்வளவாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைச் சத்தியவாக்கு சொல்லச் சொன்னாள். சொன்னேன். காற்றுதான் வந்தது. உன் பெயரைச் சொல்லச் சொன்னாள். அதுவும் வரவில்லை. ஆகவே பல் போனால் ‘ச’ போகும் என்பது இப்போது உறுதியாகத் தெரியும். அந்த இடத்தில் தங்கம் வைத்தால் திரும்பி வருமா என்பது தெரியாது. நீ போவதற்கு முன் இதை யோசித்துக்கொள்.

பிடுங்கிய பல்லை அவன் தாளில் மடித்துக் கொடுத்திருந்தான். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் போட வேண்டும் என்பார்களே, அது பிள்ளைகளின் பல்லுக்குத்தான், ஆனாலும் சும்மா எறிய மனம் வரவில்லை. சாணிக்கு நம் வீட்டில் பஞ்சமில்லை. உருட்டி எறிந்தேன். கொஞ்சம் வேகமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. கூரையைத் தாண்டி ரோட்டில் போன ரிக்‌ஷாவில் விழுந்தது. அதில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு தவுக்கே, பெரிய சீன முதலாளி, உட்கார்ந்திருந்தார். ரிக்‌ஷா நிற்கவில்லை. ஆற்றுப் பக்கம் போனது.